எச்.ஐ.வி. கூட்டு மருந்தும் மருந்து எதிர்ப்புத்திறனும்

எச்.ஐ.வி. வைரஸைக் கட்டுப்படுத்தத் தரப்படும் மருந்து உடலில் இருக்கும்போதே அந்த வைரஸ் தொடர்ந்து பெருகும் ஆற்றலைப் பெறுவது மருந்து எதிர்ப்புத்திறன் எனப்படும். இச்சொல்லைப் பாடப்புத்தகங்களில் வரும் 'நோய் எதிர்ப்புத்திறன்' என்பதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. நோய் எதிர்ப்புத்திறன் மனித உடலுக்கு உரியது. அது கூடினால் நல்லது. மருந்து எதிர்ப்புத்திறன் வைரஸுக்கு உரியது. அது கூடினால் சிகிச்சை தோற்கும். 'உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது' என்று பேச்சுவழக்கில் சொல்வதுண்டு. அது சரியன்று. உடலில் எந்த மாற்றமும் நடப்பதில்லை. மாறுவது வைரஸின் மரபுப்பொருள். எதிர்ப்புத்திறன் பெற்ற வைரஸ் வேறொருவருக்குத் தொற்றினால், ஒரு மாத்திரையைக்கூடத் தொட்டிராத அந்தப் புதியவருக்கும் அதே மருந்து பயன்படாமல் போகலாம் என்பதிலிருந்து இது விளங்கும்.

பிழையோடு படியெடுக்கும் வைரஸ்

எச்.ஐ.வி.யின் மரபுச்செய்தி ஆர்.என்.ஏ. வடிவில் உள்ளது. இரத்தத்திலும் நிணநீர்ச் சுரப்பிகளிலும் உள்ள சி.டி.4 எனப்படும் வெள்ளணுக்களுக்குள் நுழைந்ததும், வைரஸ் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுத்து, அந்த அணுவின் சொந்த டி.என்.ஏ.வுக்குள் செருகிவிடுகிறது. வழக்கமாக டி.என்.ஏ.விலிருந்துதான் ஆர்.என்.ஏ. உருவாகும். இங்கே திசை மாறி நடப்பதால் இதைச் செய்யும் நொதிக்கு 'தலைகீழ்ப் படியெடுப்பி' என்று பெயர். ஹோவர்ட் டெமின், டேவிட் பால்டிமோர் ஆகிய இருவரும் 1970இல் தனித்தனியே இந்த நொதியைக் கண்டறிந்தனர். இவ்வகை வைரஸ்களுக்கு ரெட்ரோவைரஸ் என்ற பெயர் இதனால்தான் வந்தது. அவற்றுக்கு எதிரான சிகிச்சையை மருத்துவமனைகளில் ஏ.ஆர்.டி. என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் பெயர்ப் பலகைகளில் இது 'கூட்டு மருந்து சிகிச்சை' என்று காணப்படும்.

மனித அணு தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும்போது பிழை திருத்தும் ஏற்பாடு ஒன்று கூடவே இயங்குகிறது. தலைகீழ்ப் படியெடுப்பிக்கு அந்த வசதி இல்லை. கரும்பலகையில் உள்ள பத்தாயிரம் எழுத்துகளை, அழிப்பான் இல்லாமல், திரும்பிப் படித்தும் பார்க்காமல் வேகமாக எழுதிக்கொள்ளும் மாணவனைப் போன்றது அது. எச்.ஐ.வி.யின் மரபுச்செய்தி ஏறக்குறைய பத்தாயிரம் எழுத்துகள் நீளமுடையது. ஒரு லட்சம் எழுத்துகளுக்குச் சுமார் மூன்று பிழை என்ற விகிதத்தில் நொதி தவறு செய்கிறது. எனவே மூன்று படிகளில் ஒன்றிலாவது ஏதோ ஓர் எழுத்து மாறியிருக்கும். சிகிச்சை பெறாத ஒருவரின் உடலில் நாள்தோறும் உருவாகும் புதிய வைரஸ் துகள்களின் எண்ணிக்கை 1,000 கோடி அளவில் இருக்கும் என்று 1990களில் கணக்கிட்டார்கள். பெரும்பாலான பிழைகள் வைரஸுக்கே கேடாக முடியும். ஆனால் இத்தனை கோடிகளில் தற்செயலாகச் சில, ஏதாவது ஒரு மருந்துக்குப் பிடிகொடுக்காத வடிவத்தைப் பெற்றிருக்கும். மருந்து அந்த மாற்றத்தை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே இருப்பதைத் தேர்ந்தெடுக்கிறது. மற்றவை அழிய, பிடிகொடுக்காதது மட்டும் எஞ்சிப் பெருகுகிறது. பத்தாம் வகுப்பில் படிக்கும் டார்வினின் இயற்கைத் தேர்வு, ஒரே மனிதரின் உடலுக்குள், சில வாரங்களில் நடந்து முடிகிறது.

ஒரு மருந்து ஏன் போதாது

எச்.ஐ.வி.க்கு முதலில் வந்த மருந்து சிடோவுடின். புற்றுநோய்க்காக 1964இல் ஜெரோம் ஹார்விட்ஸ் உருவாக்கி, பயன்படாது என்று ஒதுக்கப்பட்ட பொருள் அது. 1987 மார்ச் மாதம் அமெரிக்காவில் எச்.ஐ.வி.க்கான மருந்தாக ஒப்புதல் பெற்றது. டி.என்.ஏ. எழுத்து ஒன்றைப் போலவே தோற்றமளிக்கும் போலி எழுத்து அது. நொதி ஏமாந்து அதைச் சங்கிலியில் சேர்த்துவிட்டால் அதற்குமேல் சங்கிலி வளராது. நோயாளிகள் சில மாதங்கள் தேறினார்கள். பிறகு மீண்டும் நலிந்தார்கள். 1989இல் காரணம் தெரிந்தது. சிடோவுடின் உட்கொண்டவர்களின் உடலில் இருந்த வைரஸ் அந்த மருந்துக்கு எதிர்ப்புத்திறன் பெற்றிருந்தது.

பின்னால் வந்த சில மருந்துகளுக்கு எதிர்ப்புத்திறன் இதைவிட விரைவில் உண்டானது. நெவிராபின், எஃபாவிரென்ஸ் ஆகிய மருந்துகள் நொதியின் பக்கவாட்டில் உள்ள ஒரு பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு அதை அசையவிடாமல் செய்பவை. நொதியின் 103ஆவது இடத்தில் லைசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக அஸ்பராஜின் வந்துவிட்டால் போதும்; இரு மருந்துகளும் ஒருசேரப் பயனற்றுப் போகும். இதற்குக் 'கே103என்' என்று பெயர். லாமிவுடினுக்கு எதிராக 184ஆவது இடத்தில் மெத்தியோனின் இருந்த இடத்தில் வாலின் வருவது 'எம்184வி'. இதில் ஒரு விந்தை உண்டு. எம்184வி மாற்றம் பெற்ற வைரஸ் லாமிவுடினிலிருந்து தப்பினாலும், பெருகும் வேகத்தில் மற்றதைவிடப் பின்தங்குகிறது. சிடோவுடினுக்கும் டெனோஃபோவிருக்கும் முன்னைவிட எளிதில் அடங்குகிறது. அதனால்தான் எதிர்ப்புத்திறன் வந்த பிறகும் லாமிவுடினைச் சில மருத்துவர்கள் நிறுத்துவதில்லை. இது தெரியாதவர்களுக்கு, வேலை செய்யாத மருந்தை ஏன் தொடர்கிறார்கள் என்ற ஐயம் எழக்கூடும்.

மூன்று மருந்துகளை ஒன்றாகத் தருவதன் கணக்கு எளிமையானது. ஒரு குறிப்பிட்ட எழுத்து ஒரு குறிப்பிட்ட விதத்தில் மாறுவதற்கான வாய்ப்பு லட்சத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். நாள்தோறும் கோடிக்கணக்கில் பிறக்கும் வைரஸ்களில் அப்படிப்பட்டவை எப்போதும் இருக்கும். ஒரே வைரஸில் இரண்டு குறிப்பிட்ட மாற்றங்கள் ஒரே தடவையில் நேர்வதற்கான வாய்ப்பு 1,000 கோடியில் ஒன்று. மூன்று மாற்றங்கள் என்றால் பத்து கோடி கோடியில் ஒன்று. உண்மையில் சில மருந்துகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மாற்றங்கள் தேவை என்பதால் வாய்ப்பு இன்னும் குறையும். மூன்றும் ஒரே நேரத்தில் போதிய அளவில் இரத்தத்தில் இருந்தால் வைரஸ் பெருகவே முடியாது. பெருகாவிட்டால் படியெடுப்பு இல்லை. படியெடுப்பு இல்லையென்றால் பிழையும் இல்லை. 1996இல் வான்கூவரில் நடந்த பன்னாட்டு எய்ட்ஸ் மாநாட்டில் மும்மருந்துச் சிகிச்சையின் முடிவுகள் வெளியானபின் உலகெங்கும் இம்முறையே நிலைபெற்றது.

இருந்தும் நோய் முற்றிலும் நீங்குவதில்லை. நினைவாற்றல் கொண்ட சி.டி.4 அணுக்கள் சிலவற்றின் டி.என்.ஏ.வுக்குள் வைரஸ் உறங்கிக்கிடக்கிறது. மருந்து ஓடும் வைரஸைப் பிடிக்கும். உறங்கும் வைரஸைத் தொடாது. மருந்தை நிறுத்தினால் சில வாரங்களில் அது விழித்துக்கொள்ளும். முன்பு எப்போதோ உருவான எதிர்ப்புத்திறனுள்ள வைரஸும் அந்தக் கிடங்கில் பதிவாகிக் கிடக்கும் என்பதால், பல ஆண்டுகள் கழித்துப் பழைய மருந்துக்குத் திரும்பினாலும் பயன் இராது.

சென்னை முன்பே படித்த பாடம்

கூட்டு மருந்து என்ற எண்ணம் எச்.ஐ.வி.யோடு பிறந்ததன்று. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசினை மட்டும் கொடுத்துப் பார்த்த பிரித்தானிய ஆய்வு 1948இல் வெளியானபோது, பல நோயாளிகளிடம் கிருமி சில மாதங்களிலேயே அந்த மருந்தை எதிர்த்து நின்றது தெரியவந்தது. இன்னொரு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தபோது அந்த நிலை பெருமளவு தவிர்க்கப்பட்டது.

1956இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் அங்கே நடந்த ஆய்வின் முடிவு 1959இல் வெளிவந்தது. நல்ல உணவும் ஓய்வும் உள்ள சானடோரியத்தில் தங்கி மருந்து உண்டவர்களும், சென்னையின் நெரிசலான வீடுகளில் இருந்தபடியே உண்டவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமானார்கள். எங்கே படுத்திருந்தார்கள் என்பதைவிட மருந்து உள்ளே போனதா என்பதே முக்கியம் என்று இது காட்டியது. மருந்து உள்ளே போனதா என்று அறிய மையத்தினர் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். சுகாதாரப் பணியாளரின் கண்முன்னே மருந்தை விழுங்கச் செய்யும் முறை பின்னர் அங்கிருந்தே உலகுக்குப் பரவியது. மாத்திரை தொடர்ந்து உட்கொள்ளப்படுகிறதா என்ற கேள்வியை இந்த அளவுக்கு ஆராய்ந்த ஊர் உலகில் அதிகமில்லை. எச்.ஐ.வி. வந்தபோது தமிழ்நாட்டுக்கு இந்த அனுபவம் கைகொடுத்தது.

தமிழ்நாட்டில் கூட்டு மருந்து

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது தமிழ்நாட்டில்தான். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனும், அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும், பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடமிருந்து இரத்த மாதிரிகளைத் திரட்டினர். சோதனைக் கருவி சென்னையில் இல்லாததால் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அவற்றை எடுத்துச்சென்று சோதித்தனர். ஆறு பெண்களுக்குத் தொற்று இருந்தது. இங்கெல்லாம் அந்த நோய் வராது என்ற பேச்சு அத்தோடு முடிந்தது. சாலமன் 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற மையத்தைத் தொடங்கினார். 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது.

ஆனால் மருந்து எட்டாத உயரத்தில் இருந்தது. மும்மருந்துச் சிகிச்சைக்கு மேலை நாடுகளில் ஓராண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கும் மேல் ஆனது. அந்நாள்களில் தாம்பரம் அரசு நெஞ்சக மருத்துவமனையே தென்னிந்திய நோயாளிகள் பலருக்குக் கடைசிப் புகலிடம். 1928இல் காசநோய்ச் சானடோரியமாகத் தொடங்கப்பட்ட இடம் அது. அங்கே மருத்துவர் தெய்வநாயகம் பொறுப்பில் இருந்த காலத்தில் இரசகந்தி மெழுகு, அமுக்கரா சூரணம், நெல்லிக்காய் இலேகியம் ஆகிய சித்த மருந்துகளும் தரப்பட்டன. வேறு வழியில்லாத காலத்தில் நோயாளிகளைக் கைவிடாமல் பார்த்துக்கொண்ட முயற்சி என்ற வகையில் அதை மதிக்க வேண்டும். இன்று கூட்டு மருந்துக்கு மாற்றாக அதைக் கருதுவது வேறு விஷயம். வைரஸ் பெருகுவதைத் தடுத்து நிறுத்துவதாக நிறுவப்பட்டவை ஏ.ஆர்.டி. மருந்துகளே.

வசதி படைத்த சிலர் தனியாரிடம் சென்று மருந்து வாங்கினார்கள். மூன்றுக்குக் காசு இல்லாதவர்கள் இரண்டை வாங்கினார்கள். இரண்டுக்கும் இல்லாதவர்கள் ஒன்றை. கையில் பணம் இருந்த மாதம் உண்டு, இல்லாத மாதம் விட்டார்கள். எதிர்ப்புத்திறனை வளர்ப்பதற்கு இதைவிடப் பொருத்தமான சூழலை அமைக்க முடியாது.

2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனத் தலைவர் யூசுஃப் ஹமீது, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு மூன்று மருந்துகளையும் ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தார். ஒரு நாளைக்கு ஒரு டாலரும் ஆகாது. 1970ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டம் மருந்தின் செய்முறைக்கு மட்டுமே உரிமை வழங்கி, மருந்துப் பொருளுக்கு உரிமை வழங்காதிருந்ததால் இது இயன்றது. விலைக்குறைவோடு மற்றொரு நன்மையும் இருந்தது. ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிராபின் ஆகிய மூன்றும் ஒரே மாத்திரைக்குள் வந்தன. மூன்று மருந்துகள் மூன்று நிறுவனங்களுடையவையாக இருந்த நாடுகளில் இப்படி ஒரு மாத்திரை எளிதில் வந்திருக்காது. ஒன்றை மட்டும் வாங்கி மற்றதை விடுவதற்கு இந்த மாத்திரையில் இடமில்லை. மருந்து எதிர்ப்புத்திறனைத் தடுத்ததில் இந்தச் சிறிய மாத்திரைக்கு உள்ள பங்கு போதிய அளவு பேசப்படவில்லை.

2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசின் இலவசக் கூட்டு மருந்துத் திட்டம், நோய் அதிகம் காணப்பட்ட ஆறு மாநிலங்களில் எட்டு அரசு மருத்துவமனைகளில் தொடங்கியது. அவற்றில் தாம்பரமும் ஒன்று. முதல் வரிசை மருந்துகள் தோற்றவர்களுக்கான இரண்டாம் வரிசைச் சிகிச்சை 2008இல் நாட்டிலேயே இரண்டு இடங்களில்தான் முதலில் தரப்பட்டது. ஒன்று தாம்பரம், மற்றது மும்பையின் ஜே.ஜே. மருத்துவமனை. தொடக்கத்தில் சி.டி.4 எண்ணிக்கை 200க்குக் கீழே இறங்கிய பிறகே மருந்து கிடைத்தது. இந்த வரம்பு படிப்படியாக உயர்ந்து, 2017இல் தொற்று உறுதியான அனைவருக்கும் உடனே சிகிச்சை என்றானது.

எதிர்ப்புத்திறன் எப்படி நுழைகிறது

மாத்திரையை அடியோடு நிறுத்தியவரைவிட அவ்வப்போது விட்டுவிட்டு உட்கொள்பவரிடமே எதிர்ப்புத்திறன் மிகுதியாக உண்டாகும். மருந்தே இல்லாத உடலில் எதிர்ப்புத்திறனுள்ள வைரஸுக்குத் தனிச் சலுகை எதுவும் கிடையாது. முழு அளவு மருந்து உள்ள உடலில் அதனால் பெருக முடியாது. அரைகுறை அளவே அதற்கு ஏற்ற நிலம்.

மருந்துகளெல்லாம் ஒரே வேகத்தில் உடலைவிட்டு நீங்குவதில்லை என்பது இன்னொரு சிக்கல். நெவிராபினும் எஃபாவிரென்ஸும் நாள்கணக்கில் இரத்தத்தில் தங்குபவை. அவற்றோடு சேர்ந்து தரப்படும் மற்ற மருந்துகள் அவற்றைவிட முன்னதாகவே நீங்கிவிடும். ஒரு வாரம் மாத்திரை தீர்ந்துபோனவரின் உடலில், அவருக்கே தெரியாமல், சில நாள்கள் ஒற்றை மருந்துச் சிகிச்சை நடக்கிறது. கே103என் போன்ற மாற்றங்கள் அப்போதுதான் மேலெழுகின்றன. கருவுற்ற தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றாமலிருக்க, பேறுகாலத்தில் ஒரே ஒரு நெவிராபின் மாத்திரை கொடுக்கும் முறை முன்பு இருந்தது. எத்தனையோ குழந்தைகளை அது காத்தது. ஆனால் அந்த ஒரு மாத்திரையின் எச்சமே தாயின் உடலில் எதிர்ப்புத்திறனை விதைத்து, அவருக்குப் பின்னால் தேவைப்பட்ட மருந்தைக் கெடுத்ததும் உண்டு. இப்போது கருவுற்றவர்களுக்கு முழு மும்மருந்துச் சிகிச்சை தொடங்கி, வாழ்நாள் முழுதும் தொடர்கிறார்கள்.

பிற மருந்துகளும் குறுக்கிடும். எச்.ஐ.வி. உள்ளவர்களைத் தமிழ்நாட்டில் அதிகம் தாக்கும் நோய் காசநோய். அதற்குத் தரும் ரிஃபாம்பிசின், கல்லீரலின் நொதிகளைத் தூண்டி எச்.ஐ.வி. மருந்துகளை விரைவில் சிதைக்கச் செய்கிறது. சௌம்யா சுவாமிநாதன் தலைமையில் சென்னைக் காசநோய் நிறுவனத்தினர் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், இரு நோயும் உள்ளவர்களுக்கு நாளொரு வேளை நெவிராபின் கொடுத்த பிரிவு எஃபாவிரென்ஸ் பிரிவைவிடத் தெளிவாகப் பின்தங்கியதால் ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. இன்று முதன்மையாகப் பயன்படும் டோலுடெகிராவிரையும் ரிஃபாம்பிசினோடு கொடுக்கும்போது ஒரு வேளைக்குப் பதில் இரு வேளை தர வேண்டியுள்ளது.

எல்லா வீட்டிலும் இருக்கும் சாதாரண மாத்திரைகளும் கணக்கில் வரும். இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகள், நெஞ்செரிச்சலுக்கான அமிலமுறி மருந்து ஆகியவை குடலில் டோலுடெகிராவிரைப் பிடித்துவைத்துக்கொண்டு இரத்தத்தில் சேரவிடாமல் செய்யும். அமிலமுறி மருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ டோலுடெகிராவிரை உட்கொள்ள வேண்டும். இரும்பு, சுண்ணாம்பு மாத்திரைகளை உணவோடு சேர்த்தென்றால் ஒன்றாகவே விழுங்கலாம். கருவுற்ற பெண்களுக்கு இந்த இரு சத்து மாத்திரைகளும் தவறாமல் தரப்படுவதால் இந்த விவரம் முக்கியமானது.

மாத்திரை விடுபடும் இடங்கள்

நாளொரு மாத்திரை என்றால் மாதத்துக்கு முப்பது. 95 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்று ஆலோசகர்கள் சொல்வதைக் கணக்கிட்டால், ஒரு மாதத்தில் இரண்டு மாத்திரை தவறினாலே அளவு 93 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். வேறெந்தப் பாடத்திலும் 93 நல்ல மதிப்பெண்.

இதைப் படிப்பவர்களுக்கு 'மறதி' என்றே முதலில் தோன்றும். மறதி உண்மையில் சிறிய காரணம். நெய்வேலி போன்ற ஒரு நகரியத்தை எண்ணிப் பார்க்கலாம். நிலக்கரிச் சுரங்கமும் அனல்மின் நிலையமும் நாள் முழுதும் மூன்று ஷிப்டுகளாக இயங்குகின்றன. எஃபாவிரென்ஸ் தலைச்சுற்றலும் விசித்திரக் கனவுகளும் தரும் என்பதால் அதைப் படுக்கும் முன் உட்கொள்ளச் சொன்னார்கள். இந்த வாரம் பகல் ஷிப்டும் அடுத்த வாரம் இரவு ஷிப்டும் பார்ப்பவருக்குப் படுக்கும் நேரம் எது? எந்திரத்தின் அருகே தலைச்சுற்றலோடு நிற்க அஞ்சி அன்றைய மாத்திரையைத் தள்ளிப்போடுவது பொறுப்பின்மை ஆகாது.

குடியிருப்பில் பக்கத்து வீட்டுக்காரரே உடன் வேலை செய்பவர். பிள்ளைகள் ஒரே பள்ளியில் படிக்கிறார்கள். மருந்துக்காக மாதம் ஒரு நாள் விடுப்பெடுத்து, வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாக மாவட்டத் தலைநகரான கடலூருக்குப் பேருந்தில் போய் வருவதற்கு வீட்டிலும் வேலையிடத்திலும் ஒரு காரணம் சொல்ல வேண்டும். டப்பாவின் மேலுள்ள சீட்டைக் கிழித்துவிட்டு வேறு டப்பாவில் மாத்திரையைப் போட்டு வைப்பவர்கள், திருமண வீட்டுக்கோ ஊர்த் திருவிழாவுக்கோ போகும்போது மாத்திரையை எடுத்துச்செல்லாதவர்கள், கூட்டுக் குடும்பத்தில் தனியே நின்று தண்ணீர் குடிக்கவும் தயங்குபவர்கள் என்று இந்தப் பட்டியல் எந்த ஊருக்கும் பொருந்தும். பிறர் அறிந்துவிடுவார்களோ என்ற அச்சம் வைரஸுக்குக் கிடைக்கும் இடைவெளி. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒருவரின் தொற்று நிலையை அவர் ஒப்புதலின்றி வெளியிடுவதையும், அதைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நீக்குவதையும் தடை செய்கிறது. சட்டம் வந்ததும் அச்சம் போய்விடும் என்று எதிர்பார்க்க முடியாது. இருந்தாலும் மருந்து உட்கொள்பவர் தமக்கு இப்படி ஒரு பாதுகாப்பு உண்டு என்பதையாவது தெரிந்திருக்க வேண்டும்.

சில நேரம் விடுபடுவது நோயாளியின் பக்கத்திலிருந்து அன்று. 2011 டிசம்பர் இறுதியில் வீசிய தானே புயல் கடலூர் மாவட்டத்தைச் சிதைத்தது. அப்படிப்பட்ட நாள்களில் சாலை, பேருந்து, மின்சாரம் எல்லாமே நின்றுவிடும். 2020 கொரோனா ஊரடங்கின்போது ஒரே தடவையில் பல மாதங்களுக்கான மருந்தைக் கொடுத்தனுப்பும் ஏற்பாடு விரிவடைந்தது. ஒரு நெருக்கடியில் பிறந்த நல்ல வழக்கம் அது. மாறாக, 2022இல் பல மாநிலங்களில் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டு, சில நாள்களுக்கான மாத்திரைகளை மட்டும் வாங்கிச்செல்லும் நிலை வந்தது. எச்.ஐ.வி.யுடன் வாழ்வோர் அந்த ஆண்டு ஜூலையில் தொடங்கி, டெல்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலகத்தில் ஒரு மாதத்துக்கும் மேலாகப் போராட்டம் நடத்தினர். ஒரு வேளைகூடத் தவறவிடாதே என்று ஆண்டுக்கணக்கில் அறிவுரை கேட்டவர்கள், கிடங்கில் மருந்து இல்லை என்ற பதிலைக் கேட்டபோது பட்ட கோபம் நியாயமானதே.

கண்டறிதலும் மாற்று மருந்தும்

எதிர்ப்புத்திறனுக்கென்று தனி அறிகுறி எதுவுமில்லை. வைரஸ் மீண்டும் பெருகத் தொடங்கிப் பல மாதங்கள் சென்ற பிறகே சி.டி.4 குறையும், அதன் பிறகே காய்ச்சல், எடைக்குறைவு போன்றவை தெரியும். அதற்குள் வைரஸ் மாற்றத்துக்கு மேல் மாற்றமாகச் சேர்த்துக்கொண்டிருக்கும். இந்தியத் திட்டத்தின் தொடக்கக் காலத்தில் சி.டி.4 எண்ணிக்கையையும் உடல்நிலையையும் பார்த்தே முடிவெடுத்தார்கள். இரத்தத்தில் உள்ள வைரஸையே அளக்கும் சோதனை 2018இல்தான் சிகிச்சை பெறும் அனைவருக்கும் வழக்கமானதாக ஆக்கப்பட்டது. சிகிச்சை தொடங்கிய ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், பிறகு ஆண்டுக்கொரு முறை என்பது அதன் கால அட்டவணை.

ஒரு மில்லிலிட்டரில் 1,000 படிகளுக்கு மேல் வைரஸ் இருந்தால் உடனே மருந்தை மாற்றிவிடுவதில்லை. மாத்திரை ஒழுங்காக உட்கொள்ளப்படுகிறதா, எங்கே தடங்கல் என்று ஆலோசகர் பேசி, தடங்கலை நீக்க முயன்று, ஏறக்குறைய மூன்று மாதங்கள் கழித்து மறுபடி சோதிக்கிறார்கள். பலருக்கு இந்த இடைவெளியிலேயே அளவு இறங்கிவிடும். அவர்களிடம் இருந்தது மருந்து போதாமை மட்டுமே. இறங்காதவர்களின் விவரம் மாநில அளவிலான மருத்துவ வல்லுநர் குழுவுக்குப் போகும். அட்டாசனாவிர், ரிடோனாவிர் சேர்ந்த இரண்டாம் வரிசை, அதுவும் தோற்றால் டாருனாவிர் முதலிய மூன்றாம் வரிசை என்று படிகள் உள்ளன. ஒவ்வொரு படிக்கும் விலை ஏறும். மாத்திரைகளின் எண்ணிக்கை கூடும். அதற்குமேல் படிகள் அதிகமில்லை.

வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்குக் குறைந்தவரிடமிருந்து பாலுறவு வழியாக இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை. இதற்கு வலுவான ஆதாரம் தந்த ஹெச்.பி.டி.என். 052 என்ற பன்னாட்டு ஆய்வில் சென்னையும் புனேயும் பங்கேற்றன. 1,763 இணையர்களைக் கொண்ட அந்த ஆய்வு, முன்கூட்டியே சிகிச்சை தொடங்கினால் துணைவருக்குத் தொற்றுவது 96 விழுக்காடு குறைகிறது என்று 2011இல் அறிவித்தது.

டோலுடெகிராவிர் வந்த பிறகு

சிகிச்சையைப் புதிதாகத் தொடங்குவோரில் பத்து விழுக்காட்டுக்கு மேல் நெவிராபின், எஃபாவிரென்ஸ் வகைக்கு எதிர்ப்புத்திறன் இருக்கும் நாடுகள் முதல் வரிசை மருந்தையே மாற்ற வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2017இல் அறிவுறுத்தியது. மாற்றாக வந்தது டோலுடெகிராவிர். வைரஸ் தன் டி.என்.ஏ.வை மனித டி.என்.ஏ.வில் செருகும் கட்டத்தை இது தடுக்கிறது. ஒற்றை மாற்றத்தால் இதிலிருந்து வைரஸ் எளிதில் தப்ப முடியாது. தப்ப முயலும் வைரஸ் பெரும்பாலும் வலுவிழக்கிறது. ஓரிரு வேளை தவறினாலும் பழைய மருந்துகளைவிடப் பொறுத்துக்கொள்ளும். சாப்பாட்டுக்கு முன், பின் என்ற கட்டாயமில்லை. பகல், இரவு என்ற கட்டாயமும் இல்லை. ஷிப்டு வேலை பார்ப்பவருக்கு இதன் அருமை தெரியும். டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெகிராவிர் 50 மில்லிகிராம் சேர்ந்த ஒரே மாத்திரைக்கு 2020க்குப் பின் இந்தியத் திட்டமும் மாறியது.

இதற்கும் எதிர்ப்புத்திறன் தோன்றத் தொடங்கிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கையில், கண்காணிப்பு நடந்த நாடுகளில் 3.9 முதல் 8.6 விழுக்காடு வரை அது பதிவானதாகவும், வைரஸ் அளவு அதிகமாக இருந்த நிலையிலேயே பழைய மருந்திலிருந்து டோலுடெகிராவிருக்கு மாற்றப்பட்டவர்களிடம் 19.6 விழுக்காடு வரை சென்றதாகவும் கூறப்பட்டுள்ளது. இவை சிகிச்சை பெறும் எல்லோரையும் சேர்த்த விழுக்காடு அல்ல. மாற்றுவதற்கு முன் வைரஸ் அளவைச் சோதிப்பது ஏன் தேவை என்பதை இரண்டாவது எண் காட்டுகிறது.

ஆறு மாதங்களுக்கு ஒரு முறை ஊசியாகப் போடும் லெனகாபாவிர் 2022இல் மேலை நாடுகளில் ஒப்புதல் பெற்றது. வைரஸின் மேலுறைக்குள் இருக்கும் கூடு போன்ற பகுதியை அது தாக்குகிறது. வேறு மருந்துகள் எல்லாம் தோற்றவர்களுக்குச் சிகிச்சையாகவும், தொற்று இல்லாதவர்களுக்கு முன்தடுப்பாகவும் அது பயன்படுகிறது. தினமும் மாத்திரையை ஒளித்து உட்கொள்ளும் தொல்லை அதில் இல்லை. ஆனால் அடுத்த ஊசிக்கு வராதவரின் உடலில் அது பல மாதங்கள் குறைந்த அளவில் தங்கியிருக்கும். முன்பு நெவிராபினில் நாள்கணக்கில் நடந்தது, இங்கே மாதக்கணக்கில் நடக்கக்கூடும். ஊசியை நிறுத்துவோருக்கு அந்த இடைக்காலத்தில் வேறு மருந்தைத் தொடர வேண்டும் என்று வழிகாட்டுதல்கள் கூறுவது இதனால்தான்.